பங்கு போட்ட புல்லட்

அர்த்தனாரி போய்ச் சேர்ந்து, காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஊர்ப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து சொத்தைப் பங்கு வைத்தார்கள். நிலத்தில் தகராறே வரவில்லை. மேல்காடு மூத்தவன் சின்னராசுவுக்கு, ஓடையை ஒட்டிய வயல் இளையவன் மாணிக்கத்துக்கு. வீட்டுக்குப் பின்னால் இருந்த பலாமரத்தைக் கிளை கிளையாகப் பிரித்தார்கள். கிழக்குக் கிளையில் காய்த்தால் மூத்தவனுக்கு, மேற்கில் காய்த்தால் இளையவனுக்கு, அடிமரத்தில் காய்ப்பது உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்த பெண் பானுமதிக்கு. வெட்ட முடியாத பொருளை இப்படித்தான் பங்கு வைக்க வேண்டும் என்பது மலைமேல் இருக்கிற அரியூர் நாட்டில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும்.

கடைசியில் புல்லட் வந்தது. பெரியவர்கள் திணறிப்போனார்கள்.

அது லேசுப்பட்ட வண்டி இல்லை. அறுபதுகளில் வந்த மாடல். சேந்தமங்கலத்து மிளகு வியாபாரி அப்பாஸ் அலியிடம் வாங்கி, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் தானே ஓட்டி மலைமேல் கொண்டுவந்தவர் அர்த்தனாரி. வருசம் முழுக்க மண்வெட்டி பிடிக்கிற மனிதர், ஆடிப் பதினெட்டு அன்றைக்கு மட்டும் ராஜாவாகிவிடுவார். வெள்ளை வேட்டி, தோளில் பச்சைத் துண்டு, எண்ணெய் போட்டு முறுக்கிய மீசை. அறப்பளீசுவரர் கோயிலுக்கு அவர் புல்லட்டில் போவதைப் பார்ப்பதற்கென்றே செம்மேட்டில் ஆட்கள் நிற்பார்கள். கோயில் முன்னால் அந்தச் சத்தம் கேட்டதும் கூட்டம் தானாக விலகி வழி விடும்.

வண்டிக்கு மூன்று பூட்டு. மூன்றுக்கும் வேறு வேறு சாவி. பழைய பூட்டு ஒவ்வொன்றாகக் கெட்டுப்போகக் கெட்டுப்போக, புதிது வாங்கி மாட்டியதால் வந்த வினை. ஊருக்கு மூத்தவரான குழந்தைசாமி வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"சாவி மூணு இருக்குதில்ல? புள்ளைங்களும் மூணு. ஆளுக்கு ஒண்ணாக் குடுத்துருவோம்."

ஆகா, என்ன நியாயம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். இன்ஜினைக் கிளப்பும் சாவி சின்னராசுவுக்கு. ஹேண்டில் பூட்டின் சாவி மாணிக்கத்துக்கு. பெட்ரோல் டேங்க் மூடியின் சாவி பானுமதிக்கு. உயிர் மூத்தவனிடம், கழுத்து இளையவனிடம், வயிறு பெண்ணிடம். ஒரு மோட்டார் சைக்கிளை இவ்வளவு நேர்மையாகப் பங்கு போட்ட ஊர் இந்தப் பூமியில் வேறெங்காவது இருந்தால் சொல்லுங்கள்.

அதோடு வண்டி நின்றதுதான். மூத்தவன் நான், எனக்குத்தான் வண்டி என்றான் சின்னராசு. அப்படியானால் ஹேண்டிலைத் திருப்பாமலே ஓட்டிக்கொள் என்றான் மாணிக்கம். பெட்ரோல் மூடியைத் திறந்துகொடு என்று இருவரும் தனித்தனியாகத் தங்கையிடம் போய் நின்றபோது, "அண்ணனுங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்து கேளுங்க, தாரேன்" என்று சொல்லிவிட்டாள். ஒன்றாகவா? அதற்கு இரண்டு பேரும் செத்துப்போகலாம். அண்ணன் தம்பி பேச்சு நின்றது. தங்கை வீட்டுக்குப் போக்குவரத்து நின்றது. புல்லட் ஐந்து வருசமாகச் சின்னராசுவின் தாழ்வாரத்தில் நின்றது.

"உங்கப்பன் வண்டி நல்லா வேல செய்யுதுங்க. செவலக்கோழி அதும் மேல ஏறி மொட்டு வெச்சிருக்குது" என்பாள் அவன் மனைவி பாவாயி, முட்டையை எடுத்துக் காட்டி. சின்னராசுவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கோழியை விரட்டுவான்.

போன ஆடிப் பதினெட்டுக்குத்தான் அந்த அவமானம் நடந்தது. நெரிசலில் வேட்டி கசங்கிச் சட்டைப் பொத்தான் அறுந்து அவன் கோயில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறான். பக்கத்து வட்டாரமான வளப்பூர் நாட்டுக்காரர் ஒருவர் கூட்டத்துக்கு நடுவில் பிடித்துக்கொண்டார். "ஏனப்பா, நீ அர்த்தனாரி மகந்தான? வண்டி எங்க? வித்துப்போட்டீங்களா?" பக்கத்தில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னராசுவுக்கு அந்த இடத்திலேயே உடம்பு கூசியது. அடுத்த ஆடிப் பதினெட்டுக்கு அப்பன் வண்டியில்தான் இந்தக் கோயிலுக்கு வருவேன், இல்லாவிட்டால் வரவே மாட்டேன் என்று சாமி முன்னால் நின்று மனதுக்குள் சொன்னான். வீம்பு பிடித்தவன்தான். ஆனால் சொன்னதைச் செய்யாமல் விட்டவன் இல்லை.

ஆனி பிறந்ததும் சேந்தமங்கலத்துக்குப் பஸ் ஏறினான். அங்கே சந்தைக்குப் பக்கத்தில் ஷாகிர் சாவிக்கடை வைத்திருந்தான். திறக்காத பூட்டை அவன் தொட்டால் திறக்கும் என்று மலையில் பேர்.

"மூணு சாவியில ரெண்டு தொலஞ்சு போச்சுங்க பாய். மூணு பூட்டும் இந்த ஒரு சாவிக்கே தொறக்கற மாதிரி பண்ணிக் குடுக்கோணும்."

"ரெண்டும் ஒண்ணாவே தொலஞ்சுதுங்களா?"

"ஆமா. ஓடையில வுழுந்துருச்சு."

ஷாகிர் கையிலிருந்த அரத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொள்வது தெரிந்தது.

"ஏனுங்ண்ணா, நீங்க அர்த்தனாரி ஐயா மகனில்லீங்களா? அந்தப் பெட்ரோல் மூடிப் பூட்ட எங்கிட்டத்தான் வாங்குனாரு. புல்லட்டச் சாவியாப் பங்கு போட்ட கதையச் சொல்லிச் சிரிக்காத ஆளு இந்தச் சந்தையில ஒருத்தரும் இல்லீங்க."

சின்னராசுவின் முகம் சுண்டிப்போனது. ஷாகிர் அதற்குமேல் கேலி செய்யவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்ண்ணா. ஒரு வண்டிக்கு எத்தன பேரு கையில சாவி இருக்குதோ, அத்தன பேரும் எம்முன்னால உக்காந்தாத்தான் நான் பூட்டப் பிரிப்பேன். எங்க அத்தா காலத்துலேருந்தே இதான் முற. அவிய ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க, நானே மலைக்கு வாரேன். இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்கோங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தடவை ஷாகிரைத் திட்டித் தீர்த்தான் சின்னராசு. சாவி ராவுகிறவனுக்கு என்ன திமிர்! காசு கொடுத்தால் வேலை செய்ய வேண்டியதுதானே? ஆனால் பஸ் மேலேற மேலேற, குளிர்காற்று முகத்தில் அடிக்க அடிக்க, கோபம் இறங்கிவிட்டது. பொய் சொன்னது யார்? தான்தான். தம்பியும் தங்கையும் உயிரோடு அடுத்த தெருவில் இருக்கும்போது, அவர்கள் சாவியை ஓடையில் போட்டது யார்? அதுவும் தான்தான். செம்மேட்டில் இறங்கும்போது அவனுக்கு யாரையும் திட்டத் தோன்றவில்லை.

நேராக மாணிக்கம் வீட்டு வாசலில் போய் நின்றான். தம்பி ஒரு டி.வி.எஸ். மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்ததும் துணி கையிலேயே நின்றுவிட்டது.

"ஆடிப் பதினெட்டுக்கு அப்பன் வண்டிய எடுக்கலாம்னு இருக்கறேன்" என்றான் சின்னராசு. "நீயில்லாம முடியாது."

அவ்வளவுதான் சொன்னான். அவனைப் பொறுத்தவரை அது மணிக்கணக்கில் பேசியதற்குச் சமம். மாணிக்கம் உள்ளே திரும்பி, "தண்ணி கொண்டா புள்ள, அண்ணன் வந்திருக்குது" என்று குரல் கொடுத்தான். அந்தத் தண்ணீரைக் குடித்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே தங்கை வீட்டுக்கு நடந்தார்கள். வழியில் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

பானுமதி முற்றத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன்மார் இருவரும் ஒன்றாக வருவதைக் கண்டதும் எழுந்து நின்றாள். கேட்பதற்கு இவர்கள் வாயைத் திறக்கும் முன்னாலேயே அழுதுவிட்டாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "எந்த நாளுக்கு வரோணும்?" என்று கேட்டாள்.

ஷாகிர் வந்த அன்று ஊரே சின்னராசு வீட்டு வாசலில்தான் இருந்தது. வேறொரு கோழியைப் பாயையே அறுத்துத் தரச் சொல்லி வாங்கிக் குழம்புக்கு வைத்தாள் பாவாயி. ஷாகிர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மூன்று பேரையும் முன்னால் உட்காரவைத்தான். ஒரு முறத்தை வாங்கி அதில் வெள்ளைத் துணி விரித்தான். பூட்டுகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான். துரு கரைந்ததும் ஒவ்வொன்றாகப் பிரித்தான். உள்ளேயிருந்து சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகளும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சுருள்கம்பிகளும் வந்தன.

"இந்தத் தகடுதானுங்க பூட்டோட புத்தி. சாவி உள்ள போனா ஒவ்வொண்ணும் ஒரு மட்டத்துக்கு ஏறி எறங்கும். எல்லாம் ஒரே மட்டத்துல நின்னாத்தான் பூட்டு சுத்தும். இப்ப மூணு பூட்டுத் தகட்டையும் ஒண்ணாக் கலந்து, ஒரே சாவிக்குத் தோதா மாத்தி அடுக்கோணும். பத்தாததுக்கு ராவிக்கலாம். எந்தச் சாவிக்கு அடுக்கட்டும்?"

சின்னராசு தன் சாவியை நீட்டினான். அதில் சந்தேகம் வேறா? உயிர்ச்சாவி அல்லவா அது. ஷாகிர் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"ஐயா கையில நல்லாத் தேஞ்சிருக்குதுங்க. தேஞ்ச சாவிக்குப் பூட்ட அடுக்குனா, நாளைக்கு வேற சாவி வெட்டவே முடியாது."

மாணிக்கத்தின் சாவியை எடுத்தான். அது வளைந்திருந்தது. அதால் பெயின்ட் டப்பா திறந்ததை மாணிக்கம் ஒப்புக்கொண்டான். கடைசியாகப் பானுமதியின் சாவி. அவள் அதை ஒரு துணியில் சுற்றி, விளக்கெண்ணெய் தடவி வைத்திருந்தாள். பல் ஒன்றுகூடக் கெடவில்லை.

"இதுக்குத்தான் அடுக்கோணும்" என்றான் ஷாகிர்.

 குழந்தைசாமி கூட வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். மூத்தவன் இருக்கையில் பெண்பிள்ளை சாவிக்கா? எல்லோரும் சின்னராசுவையே பார்த்தார்கள். அவனுக்கு உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது. பொய் சொல்வானேன், எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தான். அப்புறம் தங்கை மடியில் கிடந்த அந்த எண்ணெய்த் துணியைப் பார்த்தான். அப்பன் பொருளை யார் பொருளாக மதித்தார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

"தங்கச்சி சாவிக்கே அடுக்குங்க பாய்" என்றான். சத்தமாகவே சொன்னான்.

ஷாகிர் வேலையில் இறங்கினான். தகட்டை எடுப்பான், சாவியோடு வைத்துப் பார்ப்பான், இரண்டு தடவை ராவுவான், மறுபடி பார்ப்பான். எது யார் பூட்டுத் தகடு என்று இனி அவனாலேயே சொல்ல முடியாது. உச்சிவெயில் சாய்கிற நேரத்தில் மூன்று பூட்டையும் மாட்டி முடித்தான். ஒரே சாவியைப் போட்டு ஹேண்டிலை விடுவித்தான், டேங்க் மூடியைத் திறந்தான், சுவிட்சைத் திருப்பினான். மூன்றும் வெண்ணெய் மாதிரி திரும்பின. ஊரே கைதட்டியது. அதே அச்சில் இன்னும் இரண்டு சாவி வெட்டி, மூன்று பேர் கையிலும் ஒவ்வொன்றாக வைத்தான் ஷாகிர். வைக்கும்போது அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும், கோட்டையைப் பிடித்தவன்கூட அப்படி நின்றிருக்க மாட்டான்.

"இனிமே யாரு வேணும்னாலும் முழு வண்டியவும் எடுக்கலாமுங்க. ஒருத்தர ஒருத்தர் நம்பறது உங்க பாடு. அதுக்கு எங்கிட்டப் பூட்டு இல்ல."

மிச்ச வேலையை மாணிக்கம் பார்த்துக்கொண்டான். பம்புசெட் இன்ஜின் பிரித்துப் பழகிய கை. கார்புரேட்டரைக் கழுவினான், பேட்டரி மாற்றினான், டயர் மாற்றினான். ஒருநாள் நான்கு பேராகச் சரிவில் தள்ளிக்கொண்டு ஓட, வண்டி இருமி, புகை கக்கி, அப்புறம் பழைய குரலில் டப்பு டப்பு என்று பேசத் தொடங்கியது. பாவாயி அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள். செவலைக்கோழி கொட்டகைக் கூரைமேல் ஏறியதுதான், சாயங்காலம்வரை இறங்கவில்லை.

ஆடிப் பதினெட்டும் வந்தது. சின்னராசு வெள்ளை வேட்டி கட்டி, பச்சைத் துண்டு போட்டு, மீசைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தான். தள்ளிக் கிளப்பலாம் என்றான் மாணிக்கம். சின்னராசு கேட்பானா? "அப்பன் வண்டியத் தள்ளிக்கிட்டா கோயிலுக்குப் போவாங்க?" என்று சொல்லிவிட்டுக் கிக்கரில் காலை வைத்து ஓங்கி மிதித்தான். ஒன்றுமில்லை. மறுபடி மிதித்தான். மூன்றாம் தடவை கிக்கர் திருப்பி உதைத்த உதையில், மனிதர் வேட்டியோடு புழுதியில் உட்கார்ந்துவிட்டார். வலது கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. எழுந்து நொண்டி நடக்கலாம், அவ்வளவுதான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவனுக்கு. சாமி முன்னால் சொன்ன சொல் வாசலிலேயே முடிந்துபோயிற்று. மாணிக்கத்தைப் பார்த்தான்.

"எனக்கு மொபெட்டுதாண்ணா வரும். கியர் வண்டியத் தொட்டதே இல்ல" என்று பின்வாங்கினான் அவன்.

பானுமதி முன்னால் வந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். இன்ஜின் அழுத்தத்தைத் திறந்துவிடும் சின்ன லீவரை ஹேண்டிலில் அழுத்திக்கொண்டு, முகப்பு மீட்டரின் முள்ளையே பார்த்தபடி கிக்கரை மெல்ல மெல்ல இறக்கினாள். முள் நடுவுக்கு வந்ததும் லீவரை விட்டாள். ஒரே ஒரு மிதி. புல்லட் கிளம்பியது.

கூட்டம் முன்னால் நெருக்கிக்கொண்டு வந்தது.

"நான் ஓட்டறேண்ணா. பின்னால ஏறுங்க."

"உனக்கு ஓட்டத் தெரியுமா கண்ணு?"

பானுமதி சுற்றும் பார்த்தாள். அண்ணன் காதருகே குனிந்து, இன்ஜின் சத்தத்துக்குள் அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அப்பனுக்குக் கடைசி மூணு வருசம் முழங்கால் மடங்கலீங்ண்ணா. நீங்க ரெண்டு பேரும் அப்பத் திருப்பூர்ல வேலைக்கு இருந்தீங்க. அவரே எனக்கு ஓட்டப் பழக்கிக் குடுத்தாரு. விடியறதுக்கு முன்னால நாந்தான் ஓட்டிட்டுப் போவேன். கோயிலுக்கு முந்தின வளைவுல எறங்கிக்குவேன். விடிஞ்சு கூட்டம் சேந்ததும் அங்கிருந்து கொஞ்ச தூரம் அப்பன் ஓட்டிட்டுப் போவாரு. நான் பின்னாலயே நடந்து போயிச் சேருவேன். யாருக்கும் சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

 சின்னராசுவுக்கு முதலில் அப்பன்மேல் கோபம் வந்தது. மீசையை முறுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்த அந்த ராஜாவுக்குப் பின்னால், இவள் செருப்பில்லாமல் நடந்து வந்தாளா? பெட்ரோல் மூடிச் சாவியை மட்டும் கையில் கொடுத்தபோதும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாளா? அவனுக்குக் கண் கலங்கியது. நொண்டிக்கொண்டே போய்ப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

செம்மேட்டுக் கடைவீதியில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் உடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாணிக்கம் மொபெட்டில் பின்னாலேயே வந்தான். பானுமதி வளைவுகளில் வேகத்தைக் குறைத்து, ஏற்றத்தில் கியரை இறக்கி, ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டு போனாள். இந்தக் கை எத்தனை தடவை இந்த ரோட்டில் ஓட்டியிருக்கிறது என்று பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு உடம்பே சொன்னது.

கோயிலுக்கு முந்தின வளைவில் அவள் ஓரமாக நிறுத்தினாள். மேளச்சத்தம் கேட்டது. இன்ஜினை அணைக்காமல் இறங்கப் போனாள்.

"வாங்கண்ணா. முதல் கியர்லயே வெச்சுத் தாரேன். கால் அசைக்க வேண்டியதில்ல, மெதுவா உருட்டிட்டே போயிரலாம். நான் நடந்து வந்தர்றேன்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அங்கே இறங்கி நடப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் வளப்பூர் நாடே திரண்டு நிற்கிறது. போன வருசம் கேட்ட வாயெல்லாம் அங்கேதான் இருக்கும். ஹேண்டிலைப் பிடித்தால் போதும், அவன் வேண்டியது முழுசாகக் கையில் வந்துவிடும்.

சின்னராசு தங்கையின் தோளில் கை வைத்து அழுத்தி உட்காரவைத்தான்.

"எறங்காத கண்ணு. ஓட்டு."

"எல்லாரும் பாப்பாங்கண்ணா."

"பாக்கட்டும். அதுக்குத்தான வந்தோம்."

வண்டி வளைவைத் தாண்டியது. சத்தம் கேட்டுத் திரும்பிய கூட்டம் பழைய பழக்கத்தில் விலகி வழி விட்டது. விட்ட பிறகுதான் ஓட்டுவது யார் என்று பார்த்தார்கள். சலசலப்பு எழுந்தது. அந்த வளப்பூர் நாட்டுக்காரர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, "அட, அர்த்தனாரி வண்டி! ஏனப்பா, யாரப்பா ஓட்டறது?" என்று கூவினார்.

சின்னராசு பின்சீட்டில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தான். அப்பன் ஹேண்டிலைப் பிடிக்க, பின்னால் ஏறிப்போன நாளில்கூட அவன் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

"என்ற தங்கச்சி!" என்று மேளத்துக்கு மேலே கத்தினான். "அப்பன் காலத்துலேருந்தே அவதான் ஓட்டறா!"